காய்ச்சலின் மெய்ப்பெயர்: பல்பீர் சிங் ஆராய்ச்சிகள் பற்றிய ஒரு திறனாய்வு

நூலைத் திறனாய்வது போலவே ஓர் அறிவியலாரின் ஆராய்ச்சி வாழ்வையும் திறனாயலாம். எடுத்துக்கொண்ட பொருள் யாது, கையாண்ட கருவி யாது, கண்ட முடிபு எத்துணை உறுதியுடையது, அம்முடிபால் மக்கள் பெற்ற பயன் யாது என்னும் நான்கு வினாக்களும் இரண்டிற்கும் பொருந்துவனவே. தமிழில் இலக்கியத் திறனாய்வு வளர்ந்த அளவுக்கு அறிவியல் திறனாய்வு வளரவில்லை. அறிவியலாரைப் பற்றி எழுதப்படுவன பெரும்பாலும் பாராட்டுரைகளாகவே நின்றுவிடுகின்றன. பாராட்டு வேண்டற்பாலதே. ஆயினும் ஒருவர் பணியின் வலிமையையும் வரம்பையும் ஒருங்கே எடைபோட்டுக் காட்டுவது அப்பணிக்குச் செய்யும் பெரிய மதிப்பாகும்.

மலேசிய மண்ணிலேயே நிகழ்ந்து, உலக மருத்துவ நூல்களைத் திருத்தி எழுதச் செய்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. குரங்குகளிடம் வாழும் மலேரியா ஒட்டுண்ணி ஒன்று சரவாக்கில் மனிதரையும் பெருமளவில் பற்றி வருகின்றது என்பதை 2004 ஆம் ஆண்டில் மெய்ப்பித்த ஆராய்ச்சி அது. யுனிமாஸ் எனப்படும் மலேசிய சரவாக் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பல்பீர் சிங்கும், ஜேனட் காக்ஸ்-சிங் முதலான உடனுழைப்பாளரும் அதனைச் செய்து முடித்தனர். அவரைப் பற்றிப் பேசுவோர், 'புதிய மலேரியாவைக் கண்டுபிடித்தவர்' என்று கூறிவிடுவது வழக்கம். அவ்வழக்கு அவருக்குப் புகழ் சேர்ப்பதுபோல் தோன்றினும் அவர் செய்த பணியின் உண்மையான தன்மையை மறைத்துவிடுகின்றது. அவர் செய்தது ஒரு பெயர்த்திருத்தம். அத்திருத்தம் ஏன் பெரியது என்பதை விளக்குவதும், அது எங்கே முற்றுப்பெறாமல் நிற்கின்றது என்பதைக் காட்டுவதும் இத்திறனாய்வின் நோக்கம்.

நால்வகைக் காய்ச்சல்

மலேரியாவை உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்னும் பேரினத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணி. அனாபிலிஸ் கொசுவின் கடியால் உடலுட் புகுந்து, முதலில் ஈரலிலும் பின்னர்ச் செங்குருதி அணுக்களிலும் அது பெருகுகின்றது. மனிதரைப் பற்றுவன ஃபால்சிபாரம், வைவாக்ஸ், மலேரியே, ஓவேல் என நான்கு இனங்கள் என்று மருத்துவ மாணவர்கள் நெடுங்காலம் கற்று வந்தனர். இவற்றுள் மலேரியே என்பது நோயின் பெயரோடு ஒத்து ஒலிப்பினும் ஓர் இனத்தின் பெயரே என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இந்நான்கும் தன்மையில் பெரிதும் வேறுபட்டவை. ஃபால்சிபாரம் மூளையைத் தாக்கி உயிர் கவர வல்லது. மலேரியே மெல்லப் பெருகுவது. குருதியில் ஒரு தலைமுறை முடிந்து மறுதலைமுறை வெளிப்பட அதற்கு 72 மணிநேரம் ஆகும். குருதியில் அதன் எண்ணிக்கையும் குறைவாகவே இருக்கும். அதனால் உயிர் போவது மிக அரிது. ஆகவே, நோயாளியின் சீட்டில் 'மலேரியே' என்று எழுதப்பட்டுவிட்டால், அதைக் காணும் மருத்துவரின் மனத்தில் அச்சம் தணிந்துவிடும். ஒரு பெயர் இவ்வாறு ஒரு மருத்துவத்தையே முடிவு செய்துவிடுகின்றது.

பழைய செய்தி

இவ்வாராய்ச்சியின் நடுப்பொருளான நோலெசி என்னும் ஒட்டுண்ணி, அறிவியலுக்குப் புதியதன்று. 1931 ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட நீண்டவால் குரங்கு ஒன்றின் குருதியில் அது காணப்பட்டது. மறு ஆண்டில் கல்கத்தா வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த நோல்ஸ் என்பாரும் தாஸ் குப்தா என்பாரும் அதனை ஆராய்ந்து, குருதி வழியாக மனிதருக்கும் அது தொற்றக்கூடும் என்று காட்டினர். அதே 1932 இல் சின்டன், முல்லிகன் என்னும் இருவர் நோல்ஸின் பெயரால் அதற்கு நோலெசி என்று பெயரிட்டனர். அதன் தனி இயல்பும் அப்போதே அறியப்பட்டிருந்தது. குருதியில் அதன் தலைமுறை 24 மணிநேரத்தில் முடிகின்றது. ஒவ்வொரு நாளும் பெருகும் ஒட்டுண்ணி அது.

கொசுவின் வழியாக இயற்கையாகவே மனிதரைப் பற்றிய முதல் நிகழ்ச்சி 1965 இல் பதிவாயிற்று. பகாங் காட்டில் சில காலம் தங்கியிருந்த அமெரிக்க நில அளவையாளர் ஒருவர் நாடு திரும்பும்போது காய்ச்சலுற்றார். அவர் குருதியை நுண்ணோக்கியில் கண்டவர்கள் முதலில் ஃபால்சிபாரம் என்றனர். பின்னர் மலேரியே என்றனர். மலேரியா ஆராய்ச்சி நடந்துவந்த மருத்துவமனை ஒன்றில் அவர் சேர்ந்திருந்தமையால் அவர் குருதி ரீசஸ் குரங்குகளுக்குச் செலுத்தப்பட்டது. குரங்குகள் இறந்தன. அப்போதுதான் அது நோலெசி என்பது தெளிவாயிற்று. பிற்காலத்தில் சரவாக்கில் நூற்றுக்கணக்கானோர்க்கு நேர்ந்த அதே பெயர்ப்பிழை இந்த முதல் நோயாளிக்கே நேர்ந்திருந்தது என்பது கருதத்தக்கது.

அதன் பின்னர்ப் பகாங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் குருதி பெற்றுக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். ஒன்றிலும் நோய் தோன்றவில்லை. குரங்கு மலேரியா மனிதருக்கு வருவது மிக மிக அரிது என்ற முடிபு அதனால் நிலைபெற்றது. 1971 இல் ஜொகூரில் இரண்டாவதாக ஒருவர் பற்றிய ஐயமும் எழுந்து அடங்கிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வினா உறங்கிக் கிடந்தது. அந்நாளைய ஆராய்ச்சியாளரைக் குறைகூற இடமில்லை. அவர்கள் கையிலிருந்த கருவி அவ்வளவே. எனினும், 'தேடினோம், கிடைக்கவில்லை' என்பது 'இல்லை' என்பதாக மாறி, அதுவே பாடமாக நிலைத்துவிடும் இயல்பை இந்நிகழ்ச்சி நன்கு காட்டுகின்றது.

கருவியை ஆக்கிய காலம்

பல்பீர் சிங்கின் பணியை 2004 லிருந்து தொடங்கிக் கூறுவது முறையாகாது. அதற்கு முந்திய ஆண்டுகள் கருவியைத் தீட்டிய ஆண்டுகள். ஒட்டுண்ணியின் உருவத்தைக் காணாமல் அதன் மரபணு வாசகத்தையே படித்து இனத்தை அறியும் முறையை ஜார்ஜ் ஸ்னூனூவும் பிறரும் 1993 இல் வெளியிட்டிருந்தனர். பல்பீர் சிங் கிளந்தானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், அம்முறையை இந்நாட்டு ஊர்ப்புறங்களுக்கு ஏற்றதாக்க முயன்றார். விரலில் குத்தி எடுத்த சில துளிக் குருதியை வடிதாளில் தோய்த்து உலர்த்தி, அதனை ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் சென்று ஆராயலாம் என்பதை 1996 இல் வெளிவந்த கட்டுரை காட்டியது. குளிரூட்டும் பெட்டியும் மின்வசதியும் இல்லாத நீண்ட வீடுகளிலும் உட்காட்டு ஊர்களிலும் இது எத்துணைப் பயனுடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1999 இல் அம்முறை மேலும் செப்பனிடப்பட்டது.

அம்முறையின் இயல்பைச் சுருங்கக் கூறலாம். டி.என்.ஏ என்பது நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வாசகம். ஒவ்வோர் இனத்திற்கும் அதில் தனக்கே உரிய சொற்றொடர்கள் உண்டு. அத்தொடரோடு மட்டும் பொருந்துமாறு ஆக்கப்பட்ட சிறு டி.என்.ஏ துண்டுகளைச் சேர்த்தால், அத்தொடர் குருதியில் இருக்குமாயின் அது கோடிக்கணக்கில் படியெடுக்கப்பட்டுக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருகும். இல்லையாயின் ஒன்றும் பெருகாது. முதற்சுற்றில் பிளாஸ்மோடியம் என்னும் பேரினம் உண்டா என்று பார்ப்பர். இரண்டாம் சுற்றில் எந்த இனம் என்று பார்ப்பர். ஏட்டுச் சுவடியின் மேலுறையில் பிறர் எழுதிவைத்த பெயரை நம்பாமல், உள்ளிருக்கும் அடிகளைப் படித்து இன்ன நூல் என்று துணியும் பதிப்பாசிரியரின் வேலையை இது ஒத்தது.

கப்பிட் கண்ட உண்மை

ராஜாங் ஆற்றங்கரையில் உள்ளது கப்பிட். இபான் மக்கள் மிகுதியாக வாழும் காட்டுநிலம். அப்பகுதியில் 1999 ஆம் ஆண்டில் கண்ட மலேரியாவில் ஐந்தில் ஒரு பங்கு மலேரியே இனத்தால் வந்தது என்று நுண்ணோக்கிச் சோதனை கூறியது. ஆனால் அந்நோயாளிகளின் நிலை மலேரியேயின் இயல்போடு ஒத்துவரவில்லை. அவர்கள் குருதியை மரபணு முறையில் ஆராய்ந்தபோது மலேரியேயின் அடையாளம் ஒன்றும் அகப்படவில்லை.

இத்தகைய முரண்பாடு நேரும்போது கருவியைப் பழித்துவிட்டு மேலே செல்வது எளிது. 'சோதனை சரியாக அமையவில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும். அவ்வாறு செய்யாமல் அம்முரண்பாட்டையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டமைதான் பல்பீர் சிங்கின் முதற்சிறப்பு. அவரும் உடனுழைப்பாளரும் இரண்டு கருதுகோள்களை முன்வைத்தனர்: இது மலேரியேயின் திரிந்த வடிவமாக இருக்கலாம், அல்லது புதிதாகத் தோன்றிய ஓர் இனமாக இருக்கலாம். 2000 ஆம் ஆண்டில் பெறப்பட்டு, நுண்ணோக்கியில் மலேரியே எனக் குறிக்கப்பட்ட எட்டு மாதிரிகளின் மரபணு எழுத்துகளை அவர்கள் ஒன்று விடாமல் படித்தனர். ரிபோசோம் ஆர்.என்.ஏ மரபணு ஒன்று, ஒட்டுண்ணியின் மேற்போர்வைப் புரத மரபணு மற்றொன்று. இரண்டும் ஒரே விடையைத் தந்தன. அவை நோலெசியின் மரபணுக்களிலிருந்து பிரித்தறிய முடியாதவை. கொண்ட கருதுகோள் இரண்டுமே பொய்த்தன. அது மலேரியேயும் அன்று. புதிய இனமும் அன்று.

அதன்மேல் நோலெசிக்கென்றே ஒரு சோதனை முறை ஆக்கப்பட்டது. 2000 மார்ச் முதல் 2002 நவம்பர் வரை கப்பிட் பகுதியில் மலேரியா கண்ட 208 பேரின் குருதி ஆராயப்பட்டது. 120 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 58 பேருக்கு, நோலெசி இருந்தது. மலேரியே ஒருவருக்கேனும் இல்லை. 2004 இல் 'லான்செட்' மருத்துவ இதழில் இம்முடிபு வெளியாயிற்று.

நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர் என்பதையும் அக்கட்டுரை தெளிவாக்கியது. இளம் பருவத்தில் நோலெசி ஃபால்சிபாரத்தின் வளையம் போலவும், முதிர்ந்த பருவத்தில் மலேரியேயின் பட்டை போலவும் தோன்றும். கண் காட்டியதைக் கண்டவர்கள் சொன்னார்கள். அந்தத் தோற்றம் இரு இனங்களுக்கும் பொதுவாக இருந்தது. தோற்றம் ஒன்றாயினும் பொருள் வேறாகும் சொற்களைத் தமிழாசிரியர்கள் நாள்தோறும் காண்கின்றனர். இடம் நோக்கிப் பொருள் கொள்ளாவிடின் அங்கும் பிழை நேர்வதுண்டு. இங்கே நேரும் பிழைக்கு விலை உயிர்.

பெயர்ப்பிழையின் விலை

2004 ஆம் ஆண்டுக் கட்டுரை மட்டும் வெளிவந்திருந்தால் இஃது அறிஞரிடையே ஒரு வியப்புச் செய்தியாகவே நின்றிருக்கக்கூடும். 2008 இல் ஜேனட் காக்ஸ்-சிங்கை முதலாசிரியராகக் கொண்டு வெளிவந்த கட்டுரைதான் அதனை மக்கள் நலச் செய்தியாக்கியது. சரவாக் மருத்துவமனைகளிலிருந்து பெற்ற 960 மாதிரிகளில் 266 நோலெசி எனத் தெரிந்தது. சபாவிலும் பகாங்கிலும் அது காணப்பட்டது. இவற்றினும் பெரிய செய்தி, இறந்துபோன நால்வரைப் பற்றியது. நால்வருக்கும் நுண்ணோக்கிச் சோதனை மலேரியே என்றே கூறியிருந்தது. மலேரியேயால் இவ்வாறு இறப்பு நேர்வதில்லையே என்ற ஐயமே அவர்கள் குருதியை மீண்டும் ஆராயத் தூண்டிற்று. நால்வர் குருதியிலும் நோலெசி ஒன்றே இருந்தது.

நாளுக்கொருமுறை பெருகும் ஒட்டுண்ணிக்கு, மூன்று நாளைக்கொருமுறை பெருகும் ஒட்டுண்ணியின் பெயர் சூட்டப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்நால்வரும் சான்று. காலத்தில் அறிந்தால் குணப்படுத்தக்கூடிய நோய் இது. 2004 ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே நோயாளிகளில் பெரும்பாலோர் குளோரோகுயின், பிரைமாகுயின் என்னும் பழைய மருந்துகளால் நலம்பெற்றதாகக் கூறப்பட்டுள்ளது. கப்பிட்டில் 107 நோயாளிகளை உடனிருந்து கண்டு எழுதிய 2009 ஆம் ஆண்டு ஆய்விலும் பெரும்பாலோர் எளிதில் தேறினர், இருவர் இறந்தனர். மருந்து கையில் இருந்தும் பெயர் தவறியதால் காலம் தவறுவது கொடிது. நோயை அறிந்து அதன் முதலையும் அறிந்த பின்னரே மருந்து என்ற வள்ளுவர் நெறியைப் பாடம் சொல்லும் ஆசிரியர்க்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

இம்முடிபுகளின் பின்னர், மலேரியே போல் தோன்றுவனவற்றை மூலக்கூற்றுச் சோதனையால் உறுதிசெய்யும் வழக்கம் மலேசியாவில் ஏற்பட்டது. சிங்கப்பூரிலும் காட்டுப் பயிற்சி பெற்ற படைவீரர் ஒருவருக்கு 2007 இல் இந்நோய் கண்டறியப்பட்டது. கப்பிட் ஆராய்ச்சி இல்லாதிருந்தால் அதற்கும் வேறு பெயரே எழுதப்பட்டிருக்கக்கூடும்.

முடிபின் உறுதி

இனி, இவ்வாராய்ச்சி எதிர்த்தாய்வுக்கு எவ்வளவு நின்றது என்று காணல் வேண்டும்.

நோலெசிக்கென ஆக்கப்பட்ட முதற்சோதனையில் ஒரு குறை இருந்தது. அதற்குப் பயன்பட்ட டி.என்.ஏ துண்டுகள் சிற்சில வேளைகளில் வைவாக்ஸின் மரபணுவோடும் ஒட்டிக்கொள்ளக்கூடும் என்று தாய்லாந்தில் பணியாற்றிய மல்லிகா இம்வோங்கும் பிறரும் 2009 இல் காட்டினர். அவ்வாறாயின் வைவாக்ஸ் நோயாளி சிலர் நோலெசி எனப் பிழையாக எண்ணப்பட இடமுண்டு. பெயர்ப்பிழையைத் திருத்த வந்த கருவியே பெயர்ப்பிழைக்கு இடந்தருவதா என்ற வினா நியாயமானது. இக்குறை சிறிதென்று தள்ளுதல் கூடாது.

ஆயினும் அதனால் அடித்தளம் அசையவில்லை. எட்டு மாதிரிகளின் எழுத்துகள் முழுமையாகப் படிக்கப்பட்டிருந்தன என்பதை மேலே கண்டோர் உணர்வர். ஒட்டும் துண்டுகள் ஏமாற்றலாம், முழுவாசகம் ஏமாற்றாது. பிறரும் வேறு முறைகளால் அதே முடிபைக் கண்டனர். பின்னர்த் துல்லியமான சோதனைகள் ஆக்கப்பட்டன. அவற்றுள் 2010 இல் வெளிவந்த ஒன்று பல்பீர் சிங்கின் ஆய்வுக்குழுவிலிருந்தே வந்தது. தன் கருவியின் குறையைத் தானே களைய முன்வரும் ஆராய்ச்சி நம்பத்தக்கது.

இரண்டாவது வினா, இந்நோய் புதிதாகத் தோன்றியதா, பழையதா என்பது. 1996 இல் சரவாக்கில் எடுக்கப்பட்டு மலேரியே எனக் குறித்துவைக்கப்பட்டிருந்த குருதிப் படலங்களை அக்குழுவினர் தேடி எடுத்தனர். கண்ணாடித் தகட்டில் உலர்ந்து கிடந்த அக்குருதியிலிருந்து டி.என்.ஏவைப் பிரித்துப் படித்தனர். படிக்க இயன்றவற்றுள் மிகப் பெரும்பாலானவை நோலெசியே எனத் தெரிந்தது. 2009 இல் வெளிவந்த இச்சிறு கட்டுரை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஆனால் திறனாய்வு நோக்கில் பார்த்தால் இதுவே அவ்வாராய்ச்சி வரிசையின் அழகிய பகுதி. 'நாங்கள் புதியதைக் கண்டோம்' என்று கூறிப் புகழ்பெறும் வாய்ப்பு இருந்தும், அது பழையதே என்பதற்கான சான்றைத் தாமே தேடி வெளியிட்டனர். அச்சான்று வேறோர் உண்மையையும் சொல்லாமல் சொல்கின்றது: பழைய பதிவேடுகளில் மலேரியே என்று எழுதப்பட்டிருப்பனவற்றுள் எத்தனை நோலெசியோ, யார் அறிவார்?

மூன்றாவது, இந்நோய் எங்கிருந்து வருகின்றது என்பது. 2011 இல் வெளிவந்த ஆய்வில், கப்பிட் காட்டில் பிடிக்கப்பட்ட 108 குரங்குகளின் குருதி ஆராயப்பட்டிருந்தது. அவற்றுள் மலாய்மொழியில் கெரா எனப்படும் நீண்டவால் குரங்குகளும் பெரூக் எனப்படும் பன்றிவால் குரங்குகளும் அடங்கும். மனிதரிடமும் குரங்குகளிடமும் இருந்த நோலெசியின் மரபணு வகைகள் பல ஒன்றாகவே இருந்தன. குரங்குகளிடம் அவை மேலும் பலவகையாக இருந்தன. மரபணு மாற்றங்களின் அளவைக் கொண்டு கணித்தபோது, தென்கிழக்காசியாவில் மனிதர் குடியேறுமுன்பே இவ்வொட்டுண்ணி இக்காடுகளில் வாழ்ந்திருந்தது என்று தெரிந்தது. மனிதரைப் பற்றும் நோலெசியில் இரண்டு பிரிவுகள் உண்டு என்பதும், ஒன்று கெராவோடும் மற்றொன்று பெரூக்கோடும் தொடர்புடையது என்பதும் 2015 ஆம் ஆண்டு ஆய்வால் வெளிப்பட்டன. 'நோயைக் கண்டவர்' என்ற நிலையிலிருந்து 'நோயின் வரலாற்றைப் படித்தவர்' என்ற நிலைக்குப் பல்பீர் சிங்கை உயர்த்தியவை இவ்வாராய்ச்சிகள்.

'ஐந்தாவது' என்னும் அடைமொழி

2008 ஆம் ஆண்டுக் கட்டுரையை ஒட்டி நிக்கலஸ் வைட் என்னும் மலேரியா அறிஞர் எழுதிய குறிப்பில் நோலெசியை 'ஐந்தாவது மனித மலேரியா ஒட்டுண்ணி' என்று குறித்தார். அத்தொடர் எங்கும் பரவிற்று. மருத்துவரின் கவனத்தை ஈர்க்க அது பெருந்துணையாயிற்று என்பதை மறுக்க இயலாது. நான்கு என்று கற்றவர்களை ஐந்து என்று எண்ணச் செய்வது சிறு செயலன்று.

எனினும் பெயரைத் திருத்தப் பிறந்த ஆராய்ச்சிக்குச் சூட்டப்பட்ட இப்பெயரும் திருத்தத்திற்கு உரியதே. 2011 ஆம் ஆண்டு முடிபுகளின்படி இவ்வொட்டுண்ணியின் தாயகம் குரங்கு. காட்டில் குரங்கைக் கடித்த கொசு மனிதரையும் கடிக்கும்போது மனிதருக்கு அது வருகின்றது. ஒரு மனிதரிடமிருந்து கொசு வழியே மற்றொருவருக்குப் பரவி நிலைபெறுகின்றது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. எனவே இது மனிதரைப் பற்றும் குரங்கு மலேரியா என்பதே பொருந்தும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று கருதிவிடலாகாது. மலேசியாவில் மனிதரிடையே பரவும் நால்வகை மலேரியா 2018 முதல் 2023 வரை உள்நாட்டில் எவருக்கும் தொற்றியதாகப் பதிவில்லை. இது பெருஞ்சாதனை. 1901 இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை ஒழிக்கத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணிப் பார்த்தால், தோட்டக் காடுகளில் காய்ச்சலுக்குப் பலியான எத்தனையோ தமிழ்த் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் இச்செய்தியின் அருமையை உணர்வர். ஆனால் அதே 2018 இல் நோலெசி கண்டவர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர். மனித மலேரியா என்ற பட்டியலில் இதனைச் சேர்த்தால் நாடு அடைந்த வெற்றி மறைந்துபோகும். விலங்கு நோய் என்று ஒதுக்கினால் அந்நாலாயிரவர் மறைந்துபோவர். எந்தப் பெயரைச் சொன்னாலும் யாரோ ஒருவர் கணக்கிலிருந்து விடுபடுகின்றனர். பெயரின் ஆற்றலை உலகுக்கு உணர்த்திய ஆராய்ச்சியே இந்தச் சிக்கலிலும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றது. வெற்றி ஒரு பக்கத்திலும் நோலெசியால் துன்புறுவோர் தொகை மறுபக்கத்திலும் என, இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதுவதே நேர்மையான வழி.

பணியின் வரம்பு

இவ்வாராய்ச்சியின் வரம்பையும் கூறியாக வேண்டும். மூலக்கூற்று உயிரியல் 'எது' என்ற வினாவுக்கு விடை தந்தது. 'எங்கிருந்து' என்பதற்கும் தந்தது. 'எப்படித் தடுப்பது' என்பதற்கு அதனால் மட்டும் விடை காண முடியவில்லை. கப்பிட்டில் நோலெசியைப் பரப்பும் அனாபிலிஸ் லேடன்ஸ் கொசுவையும், பகாங்கில் அனாபிலிஸ் கிராசன்ஸ் கொசுவையும் இந்திரா வைத்திலிங்கம் முதலான பூச்சியியலார் ஆராய்ந்து கண்டனர். இவை வீட்டுக்கு வெளியே, மாலையும் முன்னிரவும் கடிப்பவை. உறங்கும்போது கட்டும் கொசுவலை, காட்டிலும் வயலிலும் இருப்பவரைக் காப்பதில்லை. காட்டுக் குரங்குகளுக்கு மருந்தூட்டுவதும் இயலாத செயல்.

சோதனை முறையிலும் இடைவெளி உண்டு. மரபணுச் சோதனைக்கு ஆய்வுக்கூடமும் பயிற்சி பெற்றவரும் வேண்டும். நோயாளியோ ஆற்றில் படகேறி வரவேண்டிய தொலைவில் இருக்கின்றார். நாளுக்கொருமுறை பெருகும் நோய்க்கு, விடை வரச் சில நாள் பிடிக்கும் சோதனை போதாது. உட்புறச் சிறு மருத்துவ நிலையத்தில் சில நிமிடங்களில் நோலெசியைத் தவறாமல் பிரித்துக் காட்டும் எளிய முறை இன்னும் வேண்டப்படுகின்றது. மருத்துவ முறையில் சபாவைச் சேர்ந்த திமோதி வில்லியமும் அவர் உடனுழைப்பாளரும் ஆர்ட்டிமிசினின் சேர்ந்த கூட்டு மருந்து குளோரோகுயினைக் காட்டிலும் விரைவில் ஒட்டுண்ணியை ஒழிக்கின்றது என்று 2016 இல் காட்டியது ஒரு முன்னேற்றம். எனினும் நோய் வருமுன் காப்பது இன்னும் தீராத வினாவே. இக்குறை பல்பீர் சிங் ஒருவரைச் சார்ந்ததன்று. ஒரு துறை மட்டும் நின்று முடிக்கக்கூடிய வேலையும் அன்று.

மதிப்பீடு

தொகுத்து நோக்கின், பல்பீர் சிங்கின் ஆராய்ச்சி வாழ்வில் மூன்று பண்புகள் மேலோங்கி நிற்கின்றன. கருவியைப் பொறுமையாகத் தீட்டி, அது ஊர்ப்புறத்திற்கும் பயன்படுமாறு செய்தமை ஒன்று. அக்கருவி சொன்ன விடை வழக்கத்திற்கு மாறாக இருந்தபோது அதனை மூடி மறைக்காமல் பின்தொடர்ந்தமை இரண்டு. தாம் கண்டது புதியதன்று, பழையதே என்பதைத் தாமே மெய்ப்பித்துத் தம் புகழுக்குத் தாமே எல்லை வகுத்தமை மூன்று. இம்மூன்றனுள் இறுதியாகச் சொன்னதே அறிவியலில் அரிது. இலக்கிய ஆராய்ச்சியிலும் அரிதே.

'புதிய மலேரியாவைக் கண்டுபிடித்தவர்' என்ற பாராட்டு அவருக்கு வேண்டியதில்லை. மனிதருக்கு முன்பே காட்டிலிருந்த ஒன்றை எவரும் புதிதாகக் காண முடியாது. ஏட்டில் பிழையாக எழுதப்பட்டிருந்த பெயரை அடித்து, சரியான பெயரைச் சான்றோடு எழுதிவைத்தவர் என்பதே அவருக்குரிய மதிப்புரை. நான்கு பேர் இறந்த பின்னர்த்தான் அத்திருத்தத்தின் முழுப்பொருள் விளங்கிற்று. இனி ஒருவரும் அப்பெயர்ப்பிழையால் இறவாதிருத்தல் மருத்துவமனைகளின் கடமை. அவர்கள் எந்தக் கணக்கிலும் விடுபடாதிருத்தல் ஆட்சியினரின் கடமை. பழக்கப்பட்ட பெயரையும் ஒருமுறை ஐயுற்றுப் பார்க்குமாறு மாணவர்க்குக் கற்பித்தல் ஆசிரியரின் கடமை.